பெர்னி ஊராரோடு பேசுகிறார்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள பர்லிங்டன் நகரில், 1986 முதல் 1988 வரை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் வந்த உரையாடல் நிகழ்ச்சி 'பெர்னி ஸ்பீக்ஸ் வித் த கம்யூனிட்டி'. பெர்னி ஊராரோடு பேசுகிறார் என்பது அதன் பொருள். நடத்தியவர் அப்போது அந்நகரின் மேயராக இருந்த பெர்னி சாண்டர்ஸ். பின்னாளில் செனட்டராகி, 2016-லும் 2020-லும் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டு உலகறிந்த அதே சாண்டர்ஸ்தான். ஐம்பதைச் சற்றே தாண்டும் எண்ணிக்கையில் பகுதிகள் தயாராயின. அரங்கம், ஒப்பனை, விளம்பர இடைவேளை என்று எதுவும் இல்லை. மேயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருவிலும் வணிக வளாகத்திலும் பிள்ளைகளின் முகாமிலும் நின்று ஊர்க்காரர்களிடம் கேள்வி கேட்டார். நடுநடுவே தம் கருத்தையும் சொன்னார்.

பதவியில் இருப்பவரே பேட்டி எடுப்பவராகவும் ஆவது புதிதல்ல. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது ஆள்பவரின் சொற்பொழிவாகவே முடிந்திருக்கிறது. பர்லிங்டனில் அப்படி முழுதாக முடிந்துவிடவில்லை. அதற்குச் சாண்டர்ஸின் குணம் ஓரளவு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த நிகழ்ச்சி எந்த அலைவரிசையில் வந்தது என்பது.

நகரமும் மேயரும்

பர்லிங்டன், சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் உள்ள ஊர். வெர்மான்டின் பெரிய நகரம் என்றாலும் 1980-களில் அதன் மக்கள்தொகை நாற்பதாயிரத்தை எட்டவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. மார்ச் மாதத்து முதல் செவ்வாயன்று ஊர் கூடி வரவு செலவையும் பொறுப்பாளர்களையும் முடிவு செய்யும் 'டவுன் மீட்டிங்' மரபு வெர்மான்டில் இன்றும் உண்டு. பர்லிங்டன் மேயர் தேர்தலும் அதே நாளில்தான். அதிகாரியையும் தலைவரையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்பது அந்த மாநிலத்துக்காரர்களுக்குக் கைவந்த பழக்கம்.

சாண்டர்ஸ் இந்த ஊர்க்காரர் அல்லர். 1941-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து, 1968-ல் வெர்மான்டுக்குக் குடிவந்தவர். 1972-க்கும் 1976-க்கும் இடையில் லிபர்டி யூனியன் என்ற சிறு கட்சியின் சார்பில் செனட்டுக்கும் ஆளுநர் பதவிக்குமாக நான்கு முறை நின்றார். நான்கிலும் தோல்வி. அதிகபட்சமாக 1976-ல் 6 விழுக்காடு வாக்கு கிடைத்தது. பிறகு அந்தக் கட்சியை விட்டு விலகினார்.

1981 மார்ச்சில் சுயேச்சையாக மேயர் பதவிக்கு நின்றபோது, ஐந்து முறை தொடர்ந்து வென்றிருந்த ஜனநாயகக் கட்சி மேயர் கார்டன் பாக்கெட்டை 10 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு நின்ற கணக்கு அது. ஆனால் பதின்மூன்று பேர் கொண்ட நகர மன்றத்தில் அவருக்குத் துணை நின்றவர்கள் இரண்டே பேர். அவர் நியமித்த அலுவலர்களை மன்றம் ஏற்க மறுத்தது. அவருடைய செயலாளரையும் நீக்கியது. தேர்தலில் வென்றும் ஆட்சி கைக்கு வராத நிலை. மன்றத்துக்கு வெளியே இருந்த மக்களிடம் நேரடியாகப் பேசியாக வேண்டிய கட்டாயம் சாண்டர்ஸுக்கு முதல் ஆண்டிலேயே வந்துவிட்டது.

அடுத்தடுத்த தேர்தல்களில் மன்றத்தில் அவர் பக்கத்து உறுப்பினர்கள் கூடினார்கள். 1983, 1985, 1987 என மூன்று முறை அவரும் மீண்டும் வென்றார். சமூக, பொருளாதார வளர்ச்சி அலுவலகம் ஒன்று 1983-ல் தொடங்கப்பட்டது. வீட்டு விலை ஏழைகளின் கைக்கு எட்டாமல் போவதைத் தடுக்க, 1984-ல் நகராட்சியின் 2,00,000 டாலர் முதலீட்டோடு சமூக நில அறக்கட்டளை அமைந்தது. ஏரிக்கரையைத் தனியார் கட்டடங்களுக்குக் கொடுப்பதா, பொது இடமாக வைப்பதா என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டது. நிகழ்ச்சி தொடங்கிய 1986-ல் சாண்டர்ஸ் ஒரு வேடிக்கை மனிதராகப் பார்க்கப்பட்ட காலம் போய், ஊரை நடத்தத் தெரிந்தவர் என்ற பெயர் வந்திருந்தது.

தொலைக்காட்சியோடு பழைய தகராறு

தொலைக்காட்சியைச் சாண்டர்ஸ் கடுமையாக வெறுத்தவர் என்பதை அறியாமல் இந்த நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது. மேயராவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1979-ல், பர்லிங்டன் வார இதழான 'வான்கார்டு பிரஸ்'ஸில் 'சோஷியல் கன்ட்ரோல் அண்ட் த டியூப்' என்றொரு கட்டுரை எழுதினார். வணிகத் தொலைக்காட்சி மக்களை மந்தமாக்கிப் பணிய வைக்கும் கருவி என்பது அதன் சாரம். மொழி சூடானது, சில இடங்களில் மிகையும் உண்டு. ஆனால் அவருடைய குறை தொழில்நுட்பத்தின் மேல் அல்ல. அது யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதன் மேல்.

வெறுத்ததோடு அவர் நிற்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் பிழைப்புக்கு அவர் செய்த தொழிலே படம் தயாரிப்பதுதான். பள்ளிகளுக்கான வரலாற்றுப் படச்சுருள்களைத் தயாரித்து, பள்ளி பள்ளியாகச் சென்று விற்றார். 1979-ல் அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவரும் சோஷலிஸ்டுமான யூஜின் டெப்ஸைப் பற்றி அரைமணி நேர ஆவணப்படம் எடுத்தார். டெப்ஸின் உரைகளுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. மத்திய மேற்கு மாநிலத்து டெப்ஸின் சொற்கள் புரூக்ளின் உச்சரிப்பில் ஒலிக்கும் அந்தப் படம், செய்நேர்த்தியில் எளியது. ஆயினும் சொல்ல வேண்டியதைப் பெரிய நிலையம் சொல்லாவிட்டால் கையிலிருக்கும் கருவியை வைத்து நாமே சொல்லிவிடலாம் என்ற துணிவு அதில் தெரிகிறது. ஏழு ஆண்டு கழித்து வந்த கேபிள் நிகழ்ச்சிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மேயரான பிறகும் குறை தீரவில்லை. மாலைச் செய்தியில் நகராட்சி விவகாரத்துக்குக் கிடைப்பது சில நொடிகள். சொத்து வரி ஏன் ஏறுகிறது என்பதை அந்த நொடிகளுக்குள் விளக்க முடியாது. அமெரிக்க ஊராட்சிகள் பெரிதும் நம்பியிருக்கும் வருவாய் வீடு, நிலம் மீதான வரி. அது வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கும் வசதியானவருக்கும் வீட்டின் மதிப்புதான் அளவு. இந்த வரி அநியாயமானது என்பது சாண்டர்ஸின் நிலைப்பாடு. அன்றைய குடியரசுத் தலைவர் ரீகனின் அரசு, மத்திய அரசு ஊராட்சிகளுக்கு நேரடியாகப் பங்கிட்டு வந்த பொது வருவாய்ப் பகிர்வை 1986-ல் நிறுத்தியதும் சுமை இன்னும் கூடியது. இதையெல்லாம் நிதானமாகப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது.

ஊருக்கென்று ஓர் அலைவரிசை

அந்த இடத்தைக் கொடுத்தது 1984-ல் பர்லிங்டனில் தொடங்கிய சிட்டென்டன் கம்யூனிட்டி டெலிவிஷன். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரன் கிளென் டேவிட்டியன். சி.சி.டி.வி. என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள்; கண்காணிப்புக் கேமராவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிட்டென்டன் என்பது பர்லிங்டன் அடங்கிய மாவட்டத்தின் பெயர்.

பொதுமக்கள் அலைவரிசை என்ற ஏற்பாடு அமெரிக்காவுக்கே உரிய ஒரு பேரத்தில் பிறந்தது. கேபிள் நிறுவனம் வீடு வீடாகக் கம்பி இழுக்க நகரத்தின் தெருக்களைப் பயன்படுத்துகிறது. தெரு பொதுச் சொத்து. எனவே அதற்கு ஈடாகச் சில அலைவரிசைகளைப் பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் நகராட்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேட்கலாம். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1971-ல் இவ்வகை அலைவரிசைகள் தொடங்கின. ஆவணப்படக் கலைஞர் ஜார்ஜ் ஸ்டோனியும் ரெட் பர்ன்ஸும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாற்று ஊடக மையம், சாதாரண மக்களுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1972-ல் பெரிய சந்தைகளில் இதைக் கட்டாயமாக்கியது. ஆணையத்துக்கு அப்படி ஆணையிடும் அதிகாரம் இல்லை என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. முடிவில் 1984-ன் கேபிள் சட்டம், இவ்வலைவரிசைகளைக் கேட்கும் உரிமையை ஒப்பந்தம் தரும் ஊராட்சி அமைப்புகளுக்கும் மாநிலங்களுக்கும் கொடுத்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு வரி மிக முக்கியமானது. இவ்வலைவரிசைகளில் வரும் நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தில் கேபிள் நிறுவனம் கை வைக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் பயிற்சி எடுத்துக்கொண்டு, கருவியை வாங்கிப் போய்ப் படம் பிடித்து வந்து கொடுக்கலாம், வரிசைப்படி ஒளிபரப்பாகும். சமையல் சொல்லித் தருபவரும் போர் எதிர்ப்பாளரும் தேவாலயத்துப் பாடகரும் ஒரே அலைவரிசையில் வருவார்கள். மேயரும் அந்த வரிசையில் ஒருவர்.

நிகழ்ச்சி

தலைப்பில் சாண்டர்ஸின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. சில பகுதிகள் அதற்கேற்ப அவரது தனியுரையாகவே இருக்கின்றன. சொத்து வரி, நிகராகுவாவில் அமெரிக்கா நடத்திவந்த மறைமுகப் போர், ரீகனின் பொருளாதாரக் கொள்கை, அணுப் போர் வந்தால் உலகைக் கவியும் குளிர் என்று பேச்சு ஊரிலிருந்து உலகத்துக்கும் உலகத்திலிருந்து ஊருக்கும் போய் வரும். நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரின் மேயருக்கு நிகராகுவாவில் என்ன வேலை என்று அன்றே பலர் கேட்டார்கள். குண்டுக்குச் செலவாகும் டாலர் பர்லிங்டன் வீட்டு வசதிக்கு வராமல் போன டாலர் என்பது அவர் பதில். 1985-ல் அவர் நிகராகுவாவுக்கே போய்வந்தார். அங்குள்ள புவெர்ட்டோ கபேசாஸ் பர்லிங்டனின் சகோதர நகரம் ஆனது. 1988-ல் சோவியத் நகரமான யாரோஸ்லாவலுடனும் அதே உறவு ஏற்பட்டது.

பார்க்கத் தகுந்த பகுதிகள் அவர் வெளியே இறங்கிய பகுதிகள்தான். சக்கர வீடுகள் நிறுத்தப்படும் குடியிருப்புகளுக்குப் போனார். அமெரிக்காவில் சொந்தமாக நிலம் வாங்க முடியாதவர்கள் வாழும் இடம் அது. வீடு தங்களுடையது, அடியிலுள்ள மண் இன்னொருவருடையது. தொலைக்காட்சிக் கேமரா அங்கே போவது தீ விபத்துக்கும் குற்றத்துக்கும்தான் வழக்கம். மேயர் போனது அங்கு வாழ்பவர்களின் பேச்சைக் கேட்க.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிய பகுதிகளும் உண்டு. போதைப்பொருள் பற்றிச் சிறுவர்களிடம் அவர் நேராகக் கேட்கிறார். குரலைக் குழைத்து, கன்னத்தைத் தட்டிப் பேசும் அரசியல்வாதியின் பாணி அவரிடம் இல்லை. வரிக் கணக்கைப் பெரியவரிடம் கேட்கும் அதே குரலில், அதே முகச் சுருக்கத்தோடு பத்து வயதுப் பையனிடமும் கேட்கிறார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போவது தெரிகிறது. நேரே கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்கிறார்கள்.

இன்று அதிகம் பார்க்கப்படும் காட்சி, 1988-ல் வணிக வளாகம் ஒன்றில் எடுத்தது. கறுப்பு உடையும் சிலிர்த்த முடியுமாக நிற்கும் பங்க் இசை ரசிகர்களான பதின்வயதினரிடம், கோட்டு போட்ட நடுவயது மேயர் மைக்கை நீட்டி, ஏன் இப்படி உடுத்துகிறீர்கள், இதற்கு என்ன பொருள் என்று விசாரிக்கிறார். கேலியும் இல்லை, கண்டிப்பும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்கிறார். இந்தக் காட்சிக்குப் பின்னால் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. சாண்டர்ஸ் தொடங்கிய இளைஞர் அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜேன் ஓமீரா. 1988-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அந்த அலுவலகத்தின் முயற்சியில் நகராட்சியின் நினைவு மண்டபத்து அடித்தளத்தில், மதுவும் போதையும் இல்லாத இளைஞர் இசைக் கூடம் ஒன்று 1980-களின் நடுவில் திறக்கப்பட்டது. '242 மெயின்' என்ற முகவரியே அதன் பெயர். நகராட்சி ஆதரவில் பங்க் இசைக்கு இடம் கொடுத்த ஊர் அமெரிக்காவில் அரிது. அக்கூடம் 2016 வரை நடந்தது. வணிக வளாகத்தில் நின்ற அந்தப் பிள்ளைகள் மேயரிடம் கூச்சமின்றிப் பேசியதில் வியப்பில்லை.

கேட்கும் விதம்

பேட்டியாளர் என்ற வகையில் சாண்டர்ஸ் தேர்ந்தவர் அல்லர். கேள்வி நீளும், சில நேரம் கேள்விக்குள்ளேயே பதிலும் வந்துவிடும். எதிராளி சொல்லி முடிப்பதற்குள் அதை அடுத்த பொதுக் கருத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவார். அரசியல் தலைவரின் நாக்கு அது. பேட்டி கொடுப்பவர் சொல்வது தமது கருத்துக்கு ஒத்துவரும்போது அவர் முகம் மலர்வதை மறைக்கவும் தெரியாது.

ஆனால் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வேலையில் மருத்துவக் காப்பீடு உண்டா என்று எண்ணும் விவரமுமாகக் கேட்பார். எப்படி உணர்கிறீர்கள் என்று அவர் கேட்பது குறைவு. கூலியும் வாடகையும் நாகரிகம் கருதிப் பேசாமல் விடப்படும் ஒரு சமூகத்தில், தொலைக்காட்சியில் அதை வாய்விட்டுச் சொல்ல வைத்தது சிறிய காரியமன்று. பின்னாளில் குடியரசுத் தலைவர் தேர்தல் மேடைகளிலும் கூட்டத்திலிருந்து ஒருவரை எழுப்பி, மருத்துவச் செலவில் உங்களுக்கு எவ்வளவு கடன் என்று கேட்டு, அவரையே பேசவிட்டுத் தாம் சும்மா நிற்பதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். அந்தப் பயிற்சி பர்லிங்டன் தெருக்களில் தொடங்கியது என்றே கொள்ள வேண்டும்.

ஆள்பவர் மைக் பிடிக்கலாமா?

இந்த நிகழ்ச்சி தொடங்கிய 1986-ல்தான் சாண்டர்ஸ் வெர்மான்ட் ஆளுநர் பதவிக்கும் போட்டியிட்டார். மடலின் கூனின் வென்ற அந்தத் தேர்தலில் அவர் 14 விழுக்காடு வாக்கு பெற்று மூன்றாம் இடத்துக்கு வந்தார். நிகழ்ச்சி நடந்த 1988-லேயே நாடாளுமன்றக் கீழவைக்கும் நின்று, குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித்திடம் சிறு வித்தியாசத்தில் தோற்றார். வாக்கு கேட்டு நிற்பவர் ஒருவரே தொலைக்காட்சியில் கேள்வி கேட்பவராக வருவது நியாயமா என்பது தவிர்க்க முடியாத கேள்வி. நகராட்சித் தலைவரை மறித்துக் கேட்கும் இன்னொருவர் அங்கே கிடையாது. சோவியத் நாட்டைப் பற்றியும் நிகராகுவாவைப் பற்றியும் அவர் சொன்னவற்றில் இன்னும் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்திருக்க வேண்டிய இடங்கள் உண்டு.

அமெரிக்கச் சட்டம் இதை வேறு கோணத்தில் பார்க்கிறது. 1934-ன் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315-ஆம் பிரிவு, ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுக்கும் நிலையம் போட்டியாளர்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. 1959-ல் செய்த திருத்தம், உண்மையான செய்திக்கும் செய்திப் பேட்டிக்கும் விலக்கு அளித்தது. வேட்பாளரே நடத்தும் நிகழ்ச்சி அந்த விலக்கில் எளிதில் அடங்காது. ஆனால் அப்பிரிவு கட்டுப்படுத்துவது ஒளிபரப்பு நிலையங்களையும் கேபிள் நிறுவனம் தானே அளிக்கும் நிகழ்ச்சிகளையும்தான். பொதுமக்கள் அலைவரிசையில் கேபிள் நிறுவனத்துக்கு அதிகாரமே இல்லை என்பதால் கேள்வி அங்கே வேறு உருவம் கொள்கிறது. மேயரின் எதிராளியும் அதே கருவியை எடுத்து, அதே அலைவரிசையில், தமக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. சாண்டர்ஸின் நிகழ்ச்சியைச் சகித்துக்கொள்ளத் தக்கதாக்கியது இந்தத் திறந்த கதவுதான். மேயர் நல்லவர் என்பது போதாது. நல்லவர் அல்லாத மேயர் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லாகார்டியா 1942 முதல் 1945 வரை ஞாயிறுதோறும் வானொலியில் மக்களோடு பேசினார். 1945 ஜூலையில் செய்தித்தாள் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பிள்ளைகளுக்காக நாளிதழ்ச் சித்திரக் கதைகளை ஒலிவாங்கி முன் நடித்து வாசித்தது இன்றும் பேசப்படுகிறது. அன்பான செயல். ஆனால் டபிள்யு.என்.ஒய்.சி. என்ற அந்த நிலையமே நகராட்சியின் சொத்து.

வெனிசுவேலாவில் ஊகோ சாவேஸ் 1999 முதல் 2012 வரை நடத்திய 'அலோ பிரெசிடெண்டே' இதன் மறுமுனை. தொலைபேசியில் மக்களின் குறை கேட்கும் நிகழ்ச்சியாகத் தொடங்கி, ஞாயிறுகளில் மணிக்கணக்கில் நீண்டது. 2007-ல் ஒரு பகுதி எட்டு மணி நேரத்தைத் தாண்டியது. அரசு எண்ணெய் நிறுவன அதிகாரிகளை 2002 ஏப்ரலில் ஊதல் ஊதிப் பதவி நீக்கியதும், 2008 மார்ச்சில் கொலம்பிய எல்லைக்குப் படை அனுப்ப ஆணையிட்டதும் இதே நிகழ்ச்சியில்தான். அங்கே குறை கேட்பதும் ஆணையிடுவதும் ஒன்றாகிவிட்டன. அரசுத் தொலைக்காட்சியில் அதே நீளத்துக்கு மறுப்புச் சொல்ல எதிர்க்கட்சிக்கு வழி இருக்கவில்லை.

பிரிட்டனில் இதே கேள்வி அண்மைக் காலத்தில் வழக்காகவே ஆனது. அங்குள்ள ஒளிபரப்பு விதி, விதிவிலக்கான நேரம் தவிர, அரசியல்வாதியைச் செய்தி வாசிப்பவராகவோ செய்தியில் பேட்டி எடுப்பவராகவோ வைக்கக் கூடாது என்கிறது. 2023 மார்ச்சில் ஜி.பி. நியூஸ் அலைவரிசையில் எஸ்தர் மெக்வே, ஃபிலிப் டேவிஸ் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. தம்பதி, வரவுசெலவுத் திட்டத்துக்குச் சில நாள் முன்பு தங்கள் கட்சியின் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட்டைப் பேட்டி கண்டார்கள். அது நடுநிலை விதியை மீறியது என்று கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் தீர்ப்பளித்தது. அதே அலைவரிசையில் அதே கட்சிக்காரரான ஜேக்கப் ரீஸ் மோக் நடத்திய நிகழ்ச்சி பற்றி ஆஃப்காம் தந்த முடிவுகளை 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மக்கள் பிரதிநிதி தம் கட்சி அமைச்சரைக் கேட்பதும், மேயர் சக்கர வீட்டில் வாழும் பெண்மணியைக் கேட்பதும் ஒன்றல்ல. முன்னதில் அதிகாரம் அதிகாரத்தோடு பேசிக்கொள்கிறது.

மேயர் பதவிக்குப் பின்

1989 ஏப்ரலில் சாண்டர்ஸ் மேயர் பதவியை விட்டு இறங்கினார். அவரோடு பணியாற்றிய பீட்டர் கிளாவெல் அடுத்த மேயரானார். 1990-ல் சாண்டர்ஸ் பீட்டர் ஸ்மித்தைத் தோற்கடித்துக் கீழவைக்குப் போனார். 2006 தேர்தலில் வென்று 2007-ல் செனட்டரானார். மக்களோடு நேரடியாகப் பேசும் வழியை மட்டும் அவர் விடவில்லை. தாம் ஹார்ட்மன் என்பவரின் வானொலி நிகழ்ச்சியில் 'பிரஞ்ச் வித் பெர்னி' என்று வெள்ளிதோறும் நேயர்களின் தொலைபேசிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 2017-ல் ஃபேஸ்புக் நேரலையாகத் தொடங்கி பாட்காஸ்டாகவும் வந்த 'பெர்னி சாண்டர்ஸ் ஷோ'வில் மீண்டும் பேட்டி எடுப்பவரானார். பாதிரியார் வில்லியம் பார்பரும் அறிவியல் விளக்குநர் பில் நையும் அதில் வந்தார்கள். 2018 ஜனவரியில் அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு பற்றி இணையத்தில் அவர் நடத்திய கூட்டத்தைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தனர். இவற்றில் தயாரிப்பு நேர்த்தி கூடியிருக்கிறது. எதிரே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெயர் பெற்றவர்கள். பர்லிங்டன் நாடாக்களில் இருந்த முகம் தெரியாத மனிதர்களின் பேச்சு அதில் இல்லை, அது ஓர் இழப்பு.

நாடாக்களின் மறுவாழ்வு

சி.சி.டி.வி. தன் பழைய நாடாக்களை அழிக்காமல் வைத்திருந்து, எண்ணிம வடிவத்துக்கு மாற்றி, இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்தது. வணிக நிலையங்கள் உள்ளூர்ச் செய்தி நாடாவின் மேல் மறுபடி பதிவு செய்து பழையதை அழிப்பது அன்று சாதாரணம். அதனால் 1980-களின் சிறு நகர அரசியலை அதன் நீளத்தோடு, இடைவெளிகளோடு, தயக்கங்களோடு பார்க்க முடிவது அமெரிக்காவிலேயே சில ஊர்களில்தான். அந்த அமைப்பு இன்று 'டவுன் மீட்டிங் டிவி' என்ற பெயரில் நகர மன்றக் கூட்டங்களையும் வேட்பாளர் உரையாடல்களையும் ஒளிபரப்பி வருகிறது.

சாண்டர்ஸ் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது இந்த நாடாக்களைத் தேடி நாடெங்கிலுமிருந்து செய்தியாளர்கள் வந்தார்கள். பங்க் பிள்ளைகளோடு பேசும் காட்சி ஆதரவாளர்களுக்கு விருந்தானது. எதிராளிகளுக்கும் நாடாக்கள் கை கொடுத்தன. 1985-ல் நிகராகுவா பயணம் முடிந்து வந்ததும் சி.சி.டி.வி.க்கு அவர் நீண்ட பேட்டி கொடுத்திருந்தார். அதில் கியூபாவில் காஸ்ட்ரோ கல்வியும் மருத்துவமும் கொடுத்ததைக் குறிப்பிட்டிருந்தார். 2016 மார்ச் 9 அன்று மயாமியில் கட்சிக்குள் போட்டியாளரான ஹிலாரி கிளின்டனுடன் நடந்த விவாதத்தில் நெறியாளர்கள் அந்தத் துண்டைத் திரையில் ஓட்டி விளக்கம் கேட்டார்கள். கியூபா அகதிகளின் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. சாண்டர்ஸ் தாம் சொன்னதை மறுக்கவில்லை. கியூபாவின் மீது படையெடுக்கவும் நிகராகுவா அரசைக் கவிழ்க்கவும் அமெரிக்கா முயன்றது தவறு என்பதுதான் அந்தப் பேச்சின் கருத்து என்றார்.